செந்திலுக்கு நான் பிடித்துக் கொடுத்த சீட்டு

நான் கேட்டும் கிடைக்காத சிகாகோ பயணம், எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த செந்திலுக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் பிசினஸ் கிளாஸில்.

இன்று மதியம் பீளமேடு ஆபீஸில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டான்.

"ஏனுங்கக்கா, நீங்கதான் விமான வீடியோவெல்லாம் பாக்கறீங்க. எந்த சீட்டுப் போடட்டுமுங்க?"

உண்மைதான். நான் இன்னும் விமானம் ஏறியதில்லை. ஆனால் எந்த சீட்டில் படுத்தால் நல்ல தூக்கம் வரும் என்று மனப்பாடமாகத் தெரியும்.

இரண்டு சீட்டுகள்தான் மீதி இருந்தன. ஒன்று ஜன்னலோரம், பக்கத்தில் ஆளில்லாத தனி சீட்டு. இன்னொன்று கழிவறைக் கதவை ஒட்டியது. அங்கே ஆள் நடமாட்டம் ஓயாது.

என் விரல் கழிவறைப் பக்கம் போனது.

"இதைப் போடு கண்ணு. உனக்கு இதுதான் சரி."

மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டான். எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அவன் குரலைத் தாழ்த்தினான். "ரொம்ப நன்றிங்கக்கா. பயணம்னாலே எனக்கு வயித்தைக் கலக்கிப்போடும். வாய்விட்டுக் கேக்க வெக்கமா இருந்துச்சுங்க. நீங்களே புரிஞ்சுக்கிட்டீங்க!"

கெடுதல் செய்தாலும் அவனுக்கு நல்லதாகவே முடிகிறது. இப்போது பொறாமை இரண்டு மடங்காகிவிட்டது.

வயிறெரிந்தே ஒருவரை வாழவைத்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?