தவறவிட்டவளுக்கே அடுத்த பந்து

புது ஷூவின் தோல் வாசனை வந்தாலே எங்கள் கேப்டன் அக்கா ஞாபகம்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கூடைப்பந்து அணியில் நான் முதன்முதலாகச் சம்பளத்துக்கு ஆடிய காலம். அணியிலேயே அவர்தான் குள்ளம். பகலில் பசை ஒட்டும் பிரிவில் வேலை. ஆட வரும்போதும் விரல் நுனிகளில் பசை காய்ந்திருக்கும். யார் கூடையைத் தவறவிட்டாலும் அடுத்த பந்தை அவளுக்கே கொடுப்பார்.

வேலூர் ஆட்டத்துக்கு முன், "இன்னிக்கும் சொதப்புனா டீம்ல கிடையாது" என்று மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். நான் அப்போதுதான் ஒன்றைத் தவறவிட்டிருந்தேன்.

"எனக்கு வேணாங்க்கா, நீங்களே போடுங்க."

"இன்னாடி, அதுக்குள்ள ஊருக்கு பஸ் ஏறிட்டியா? கையத் தூக்கி வை, வரும்."

வந்தது. அதையும் தவறவிட்டேன். தோற்றோம்.

"அவகிட்ட ஏம்மா கொடுத்த?" என்று மேனேஜர் பாய்ந்தார்.

"நாளைக்கும் அவகிட்டதான் சார் கொடுப்பேன். அவள டீம்லேர்ந்து எடுத்தா என்னையும் எடுத்துடுங்க" என்றார் அக்கா, லேஸை அவிழ்த்துக்கொண்டே.

மேனேஜர் இருவரையும் நீக்கவில்லை. இன்று சென்னையில் பெரிய அணிக்கு ஆடுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள், எதுவும் எனக்குப் புரிந்துவிடும் என்ற கர்வம் உண்டு. ஆனால் அன்று நான் போட்டுவிடுவேன் என்று நம்பிக் கொடுத்தாரா, போடாவிட்டாலும் பரவாயில்லை என்று கொடுத்தாரா என்பது மட்டும் இன்றுவரை புரியவில்லை.