மூன்றாவது தறியின் தீவு

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் எங்கள் ஊர் மலைக்கோயிலிலிருந்து இறங்கி முடித்த மறுநாள், வியாழக்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து பாவா வந்தார். என் அக்காவின் கணவர். நான்கு விசைத்தறிகளுக்குச் சொந்தக்காரர். நேரம் நாள்குறிப்பில் இருப்பதால் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளாக எழுதுகிறேன்; அதற்கு ஒரே வாசகன் நான்தான்.

அவர் கையில் வெள்ளையில் நீலக் கோடு போட்ட பருத்தித் துண்டு. குரோவேஷியா நாட்டுத் தீவொன்றின் நினைவுப்பொருள் கடைகளுக்காகச் சென்னை ஏஜென்ட் ஒருவர் கொடுத்த ஆர்டர். துண்டோடு கட்டித் தொங்கவிட ஆங்கிலத்தில் ஓர் அட்டை நான் எழுதித் தரவேண்டும்: தீவின் வரலாறு, பாரம்பரியத் தொழில்கள், அவற்றில் இந்தத் துண்டு. சனிக்கிழமைக்குள் அட்டை போகாவிட்டால் ஆர்டர் பள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்குப் போய்விடும். பாவாவின் நான்கு தறிகளும் நிற்கும்.

மூன்றாவது தறியில் கரையை ஒட்டி ஓர் இழை விட்டுப்போகிறது. பாவா முதலில் அதற்குத்தான் பயந்தாராம். ஏஜென்ட் தடவிப் பார்த்துவிட்டு, கையால் நெய்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம், சரிசெய்துவிடாதீர்கள் என்றாராம். மற்ற மூன்று தறிகளையும் இப்படிப் பழுதாக்க முடியுமா என்றும் விசாரித்தாராம்.

மறுநாள் மாலை வரை படித்தேன். தீவுக்காரர்கள் மத்தி மீன் பிடித்து, உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தார்கள். திராட்சை பயிரிட்டார்கள், பூச்சி விழுந்து கொடிகள் பட்டுப்போனதும் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆலிவ் ஆட்டினார்கள், கல் வெட்டினார்கள். இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். கிருத்திகைக்கு மொட்டை மாடியையும் வாடகைக்கு விடும் எங்கள் தெருவுக்கு இந்தக் கடைசித் தொழிலை விளக்கவேண்டியதில்லை.

வெள்ளி மாலை பாவா மறுபடி வந்தார். வெனிஸ், ஆஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா, குரோவேஷியா என்று வீடு மாறாமலே நாடு மாறிய ஜனங்கள் அவர்கள் என்று உற்சாகமாகச் சொன்னேன். என் அப்பாவும் அப்படித்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சென்னை மாகாணத்தில் பிறந்து, ஆந்திராவில் படித்து, 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறியதில் சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தவர்.

"அதெல்லாம் கரெக்டு மச்சான். துண்டு எங்க?"

"துண்டுதாங்க பாவா இல்ல. அங்க பொம்பளைங்க ஆட்டு ரோமத்துல முரட்டுத் துணி நெய்ஞ்சிருக்காங்க. இத நெய்ஞ்சதா எங்கயும் இல்ல."

"நெய்யலன்னும் எங்கயும் இல்லல்ல?"

இதே வாதத்தைத் தடித்த வரலாற்று நூல்களிலும் படித்திருக்கிறேன். அங்கே அடிக்குறிப்பு இருக்கும், அவ்வளவுதான். பொய் எழுதமாட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"எழுதாத. தறி சும்மா நின்னுகினு இருக்கும். உங்கக்காகிட்ட நீயே வந்து சொல்லு" என்றுவிட்டுக் காபியை முடித்தார்.

சனிக்கிழமை கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம், எல்லாம் மெய். கடைசி வாக்கியம் இது: 'இத்தீவின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இத்துணியை நெய்துவந்ததாக ஆதாரம் எதுவும் இல்லை.' இதோடு ஆர்டர் தொலைந்தது என்று அக்காவை நினைத்து அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஏஜென்டுக்கோ அட்டை மிகவும் பிடித்துவிட்டதாம். நான்கு தறிகளும் ஓடின; மார்கழியில் மறு ஆர்டரும் வந்தது.

தை மாதம், கப்பலில் சமையல் வேலை பார்க்கும் பாவாவின் மருமகன் விடுமுறையில் வந்தார். பார்க்க நானும் ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். வழியில் கப்பல் நின்ற ஒரு தீவில் மாமனாருக்காக வாங்கிய துண்டு ஒன்றைக் கொடுத்தார். வெள்ளையில் நீலக் கோடு. பாவா அதை விரித்துக் கரையோரம் விரலை ஓட்டினார்.

"நம்ம மூணாவது தறி."

நான் அட்டையைப் பார்த்தேன். ஒரே வாக்கியம்: 'இத்தீவின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இத்துணியை நெய்துவந்துள்ளனர்.' ஆங்கிலத்தில் 'ஆதாரம் எதுவும் இல்லை' என்பது வாக்கியத்தின் முன்னால் நிற்கும். தலையை வெட்டியதும் உடம்பு எழுந்து நடந்திருக்கிறது. தமிழில் எழுதியிருந்தால் வாலை வெட்டியிருப்பார்கள். அவர்களாக ஓர் எழுத்தையும் சேர்க்கவில்லை. எல்லாம் என் சொற்களே.

சமையலறையிலிருந்து வந்த அக்கா ஈரக் கையோடு துண்டை எடுத்தார். பாவா அதை வாங்கி மடித்து, அட்டையை மேலே வைத்து, பீரோவைத் திறந்தார்.

"ஃபாரின் துண்டு. இதுல போயி கை தொடைச்சிகினு."