இரண்டு இழுப்பு

வால்வைத் திறக்கிறார், காற்று சீறுகிறது, மூடுகிறார். மறுபடியும் திறக்கிறார். முல்லைத்தீவுக் கடலில் நங்கூரமிட்ட வள்ளத்தின் விளிம்பில், முதுகில் கட்டவேண்டிய சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு கிறிஸ்தோப்பர் காலையிலிருந்து செய்கிற வேலை இதுதான்.

"காத்து இருக்கோ இருக்கோ எண்டு பாத்தே முடிச்சுப்போடுவாய், மச்சான்" என்கிறார் இராயப்பு. கிறிஸ்தோப்பரின் மனைவி ஜோசப்பினுக்குத் தமையன். கிறிஸ்தோப்பர் நீருக்குள் இருக்கும்போது அவருடைய இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருப்பவரும் இவரே.

பூசைக்குப் போனால் கிறிஸ்தோப்பர் வாசலோரம்தான் நிற்பார். முள்ளியவளை பஸ்ஸில் மழை அடித்தாலும் ஜன்னலை மூட விடமாட்டார். போர்த்திக்கொண்டு படுப்பதில்லை. "மூச்சடைக்குது, திறந்து விடுங்கோ." மூன்று மாதமாக இதே கதை. அதற்குமுன் ஆள் இப்படி இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள், எட்டுப் பாக ஆழத்தில், ஏறக்குறைய ஐம்பதடிக்குக் கீழே, மூழ்கிய கப்பலின் பித்தளையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாய்க்குழாயில் காற்று நின்றுபோனது. கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். இரண்டு இழுப்பு என்றால் தூக்கவேண்டும். வள்ளத்து முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் இராயப்பு இருபது வருடம் கரைவலையில் நின்ற மனிதர். அங்கே வள்ளம் வலையைக் கடலுக்குள் கொண்டுபோகையில் கரையில் கயிறு இழுபட்டால் விட்டுக்கொடுக்கவேண்டும். கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது, தாராளமாக விட்டுக்கொடுத்தார். கிறிஸ்தோப்பர் இடுப்பிலிருந்த ஈயக்கட்டிகளைக் கழற்றி எறிந்து, மூக்கில் இரத்தம் வழியத் தானாகவே மேலே வந்தார். மச்சானை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் இராயப்புவுக்கு மனம் ஆறியிருக்கும், பாவம்.

இந்தக் கிழமை இரண்டு நாள் வந்தும் கால் நனையாமல் திரும்பினார். கடலடியை இவரளவுக்கு விரும்பியவர் இந்தக் கரையில் வேறு இல்லை, அதுதான் வேதனை.

"இண்டைக்கும் இறங்காட்டி சிலிண்டரை வேற ஆளுக்குக் குடுத்திடுவன்" என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஒருவழியாகச் சிலிண்டரை முதுகில் கட்டி, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டார் கிறிஸ்தோப்பர்.

"கயித்தை வேற ஆரிட்டையும் குடுக்கட்டோ?" இராயப்பு நிமிராமல் கேட்டார்.

விளிம்பில் இருந்தபடியே கிறிஸ்தோப்பர் கயிற்றை இரண்டு தரம் இழுத்தார்.

இராயப்பு இரண்டு கையாலும் இழுத்த வேகத்தில், கிறிஸ்தோப்பர் சிலிண்டரும் ஆளுமாக வள்ளத்துக்குள் மல்லாக்க விழுந்தார். முதலாளி கத்தினார். விழுந்து கிடந்தபடியே கிறிஸ்தோப்பர் வாய்க்குழாயைத் தடவி எடுத்துப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டார்.