நாசரின் வள்ளத்துக்குப் பச்சை தேடிய பரீனா டீச்சர்

சனிக்கிழமை காலை அதிபர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், நம்மட பரீனா டீச்சர் மௌத்தாகிட்டா. அசர் தொழுகையோட அடக்கம்."

எனக்கு முதலில் வந்தது கோபம். "சின்ன வயித்து நோவு, சேர்" என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தார். பெரிய நோய் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சாய்ந்தமருதில் எங்கள் பாடசாலையில் அவர் சித்திரம் படிப்பித்தார், நான் கணினி. சுனாமியில் அவருடைய தம்பி நாசரின் மீன்பிடி வள்ளம் போய்விட்டது. நிவாரணமாக வந்த வள்ளங்கள் எல்லாம் ஒரே வெள்ளை. எது தன் கணவனுடையது என்று தெரியாமல், நாசரின் மனைவி (சித்தி என்பது அவர் பெயர்) விடியற்காலையில் வள்ளங்கள் திரும்பும்போது கரையில் நின்று அழுவார். பழைய வள்ளத்தின் பச்சையையே புதியதற்கும் பூசிவிடுவது என்று டீச்சர் முடிவெடுத்தார். ஆதாரம், சம்மாந்துறை உறவினர் வீட்டில் தப்பியிருந்த, நாசர் பழைய வள்ளத்தோடு நிற்கும் ஒரேயொரு புகைப்படம்.

"சேர், படத்தில நிறத்தைத் தொட்டா கொம்பியூட்டர் நம்பர் சொல்லுமாமே?"

"சொல்லும் டீச்சர். ஆனா அது வெளிச்சத்தின்ட கணக்கு. பெயின்ட் கலக்க உதவாது."

மறுநாள் ஒரு கோப்பையுடன் வந்தார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் படத்தின் பச்சைக்குக் கணினி சொன்ன எண்களின்படியே கலந்திருந்தார். உள்ளே சேறு.

"உங்கட கொம்பியூட்டர் பொய் சொல்லுது, சேர்."

மூன்று தரம் விளக்கினேன். நான்காம் தரம், "அப்ப நான் கலந்ததையும் அதுக்கிட்டயே காட்டுவம்" என்றார். கலந்ததை அட்டையில் பூசி, காயவிட்டு, ஸ்கேன் செய்து, இரண்டு எண்களையும் ஒப்பிட்டார். யோசனை நல்லதுதான். தவணைப் பரீட்சை வினாத்தாள் அச்சடிக்கும் கிழமையில் ஸ்கேனர் கண்ணாடியில் சரியாகக் காயாமல் ஒட்டிய பச்சை எனாமலைத் தின்னர் போட்டுத் துடைத்தவன் நான்.

கடைசியில் எண்கள் பொருந்தின. வள்ளத்துக்குப் பூசியும் ஆயிற்று. நாசர் பார்த்துவிட்டு அக்காவிடம், "ராத்தா, இது நம்மட பச்சையில்ல" என்றார்.

"நான் சொன்னன்தானே டீச்சர்!"

"படம் மங்கியிரிக்கி எண்டு நீங்க சொல்லல்லியே, சேர்."

உண்மைதான். எனக்கு அது தோன்றவேயில்லை. படத்தில் நாசர் போட்டிருந்த வெள்ளைச் சேட் பழுப்பேறியிருந்தது. டீச்சர் அந்தச் சேட்டைத் தொட்டு, வெள்ளை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, பச்சையையும் அந்தளவுக்குத் திருத்தினார். அதை அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் நிச்சயமாக இல்லை.

இரண்டாம் தரம் பூசிய பிறகு ஒரு காலை என்னையும் கடற்கரைக்கு இழுத்துப்போனார். வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே தூரத்தில் ஒரு பச்சை தெரிந்தது.

"அந்தா வாறார்" என்றார் சித்தி. கரை சேரும்வரை நிற்கவில்லை. தேத்தண்ணி வைக்க வீட்டுக்குப் போய்விட்டார். டீச்சர் என் பக்கம் திரும்பவேயில்லை. மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து கடலுக்குப் போவது இலேசானதும், கல்முனையிலிருந்தும் வள்ளக்காரர் பழைய படங்களோடு டீச்சரைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர் எல்லோரையும் என் கணினி அறைக்கே கூட்டிவந்தார். எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன்!

அடக்கம் முடிந்து, திங்கட்கிழமை கணினி அறையைத் திறந்தேன். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. வேலையெல்லாம் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மணியடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

போய் வாருங்கள், டீச்சர்.