செலின் நட்ட நான்கு மரங்கள்

பெரிய மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது போன் வந்தது. "செலின் மேடம் போயிட்டாங்க சார்" என்றார் எங்கள் ஆய்வக உதவியாளர். மீனை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வீடு சேர்வதற்குள் கல்லூரி நிர்வாகத்தின் அஞ்சலிப் படமும் வந்தது. "மரங்களின் அன்னை" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

லாஸ்பேட்டையில் எங்கள் கல்லூரியில் அவர் தாவரவியல், நான் வேதியியல். அவரோடு பழகிய உங்களுக்கு அந்த மரங்களைத் தெரியும். ஆய்வகத்துக்குப் பின்னால் நாட்டு பாதாம், மருதம், தான்றி, கடுக்காய் நான்கையும் வரிசையாக நட்டவர் அவர். நான்கும் டெர்மினாலியா என்ற ஒரே பேரினம். "கூடப் பொறந்தவங்க சார், ஆளுக்கொரு வேலை பாக்குறாங்க" என்பார். பாதாம் கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பை மாணவர்களுக்குத் தின்னக் கொடுப்பார். மருதம்பட்டை நெஞ்சுக்கு, தான்றியும் கடுக்காயும் நெல்லியோடு சேர்ந்தால் திரிபலா. ஒருமுறை கடுக்காய் ஊறிய நீரில் என்னை அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போடச் சொன்னார். நீர் கறுத்து மையானது. அந்த மையைத் தொட்டுத்தான் அன்று பிள்ளைகள் படம் வரைந்தார்கள்.

பிறகு புதிய முதல்வர் வந்தார். "இலை கொட்டுது மேடம், பெருக்கி மாளல. பசங்க ஸ்கூட்டருக்கு ஷெட் வேணும்" என்றார்.

"இப்பவும் நெழல்லதான வுடுறாங்க? அதுக்கு எதுக்கு தகரம்?" என்று கேட்டார் செலின்.

இதய அறுவைச் சிகிச்சைக்காகச் செலின் மருத்துவமனையில் படுத்திருந்தபோது நான்கையும் வெட்டினார்கள். திரும்பி வந்தவர் நேராக முதல்வர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அனுமதி வாங்கித்தான் வெட்டினோம்."

"நான் எழுந்து நடக்குற வரைக்கும் காத்திருந்திருக்கலாமே. பயமா?"

செலினின் இரங்கல் கூட்டத்தை, மரங்கள் நின்ற இடத்தில் போட்ட அந்த ஷெட்டில்தான் நடத்தினார்கள். "மரங்களை உயிராக நேசித்தவர்" என்று முதல்வர் தொடங்கினார். நான் எழுந்து, "வெட்டச் சொன்னது யாரு சார்?" என்றேன். பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து இழுத்தார். "இது அதுக்கான எடம் இல்ல சார்."

"இங்கதான் நின்னுச்சு. வேற எங்க போய்க் கேக்குறது?"

முதல்வர் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு இறங்கினார்.

கூட்டத்தைக் கெடுத்துவிட்டதாக உங்களில் சிலர் என்மீது வருத்தப்படுகிறீர்கள். படுங்கள். கடைசியாகக் குருசுக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது, மரங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது என்றேன். அவர் சொன்னதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்:

"வருத்தம்னு சொல்லாதீங்க சார். அவங்களுக்கு அது வசதியாப் போயிடும். கோவம்னு சொல்லுங்க."