ரோஸ் தாளோட பின்பக்கம்

தென்காசியில ஒரு லாரி செட்டுல ரொம்ப வருசம் லோடுமேனா இருந்தேன். எழுத்து வராது. நான் சொல்லுததைப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுதாங்க.

ஒருநா காலையில செட்டுல நுழையும்போதே சத்தம். சுரண்டை எஸ்தர், எம்ப்ராய்டரி மெசின் வச்சுப் பொழைக்க பிள்ளை, அந்த ஒரே மெசின கோயமுத்தூருக்கு சர்வீசுக்கு எங்க செட்டுலதான் புக் பண்ணுனா. அங்கன பிரிச்சா, மெசினோட தலை ரெண்டா ஒடைஞ்சு கெடக்கு.

மொதலாளி பில் புக்குல செட்டுக்குன்னு இருக்க வெள்ளைத் தாளைத் திருப்பிக் காட்டுதாரு. "ஒடைஞ்சா நூறு ரூவாதான் பொறுப்புன்னு அச்சடிச்சிருக்கும்மா. முன்னால ஒங் கையெழுத்துதான?"

"போட்டேன் மொதலாளி. பின்னால இருக்கதை யாரு காமிச்சா?"

"படிக்காதது ஒன் தப்பு."

எடமில்லன்னு அந்த மெசின படுக்கப் போட்டு, மேல எண்ணெய் டின் அடுக்குனது நான்தான்.

எஸ்தர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிட்டா. மொதலாளி என்னைய அவரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போயி, ஒரு தாளை நீட்டுதாரு.

"கைநாட்டு வைலே."

"என்ன எழுதியிருக்கு மொதலாளி?"

"மெசின நிமித்தி வச்சுத்தான் ஏத்துனேன்னு."

"படுக்கல்லா போட்டேன்."

"ஏலே, ஒனக்கு யாருலே சம்பளம் போடுதா?"

"நீங்கதான். ஆனா ஏத்துனது நான்."

வக்கீல் பேனாவ வச்சுட்டாரு. நான் விடல. "சார், பில் புக்குல அவளுக்குக் கிழிச்சுக் குடுத்த ரோஸ் தாளுக்குப் பின்னால ஒண்ணும் கெடையாது."

எப்படித் தெரியும்னாரு. குத்தால சாரல் அடிச்சா செட்டுல பில் புக்கெல்லாம் நமுத்துரும். ஒவ்வொரு தாளா விரிச்சுக் காய வைக்கது நாந்தான். வெள்ளையில பின்னால எறும்பு மாதிரி எழுத்து. ரோஸுல வெறும் ரோஸு.

"அதுலயும் அடிச்சா செலவுல்லா," மொதலாளி முனங்குனாரு.

"வெள்ளையவாவது திருப்பிக் காமிச்சீரா?" வக்கீல் அவருகிட்ட கேட்டாரு.

"புக்கோட நீட்டுவோம் சார். போட்டுட்டுப் போவாங்க."

"காமிக்காத கண்டிசன் எப்படி நிக்கும்? அதுல ஒம்ம ஆள் தப்பு வேற. புது மெசின் வாங்கிக் குடுத்து முடிச்சுக்கிடும்."

புது மெசின் வந்தப்போ, நிமித்தி வச்சு, நானே கூடப் போயி சுரண்டையில எறக்குனேன். எஸ்தர் டீ போட்டுத் தந்தா. மொதலாளி ஒரு வாரம் மொகம் குடுக்கல. பொறவு ரோஸ் தாளுலயும் அச்சடிச்சாரு.

எழுத்து தெரியாதவன் கேட்டே ஆகணும். தெரிஞ்சவங்கதான் வாசிக்காமப் போடுதாங்க. நீங்க திருப்பிப் பாருங்க, பொறவு பேனாவ எடுங்க. இதையும் டீச்சரம்மா முழுசா வாசிச்சுக் காட்டுன பொறவுதான் கைநாட்டு வைக்கேன்.