எந்தப் புத்தகத்திலும் இல்லாத தீர்ப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை முன்சீப் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். ரிட்டயரான சிரஸ்தாருக்கு, அதாவது கோர்ட் தலைமைக் குமாஸ்தாவுக்கு, கோர்ட்டில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வீட்டில் மட்டும் என்ன வேலை?

தேவகிதான் கூப்பிட்டார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். காலை நடை முடிந்ததும் எனக்கு அங்கேதான் டிபன். அவர் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர ஒரே சந்து. பக்கத்து மனைக்காரர் கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். கட்டிய கையோடு சந்தின் குறுக்கே ஒரு கேட் போட்டுப் பூட்டினார். ஓரமாக ஆள் நுழையலாம், வண்டி நுழையாது.

வியாழக்கிழமை பௌர்ணமி. அந்த ஒரு ராத்திரி வியாபாரம் போனால் தேவகிக்கு அந்த மாதமே போன மாதிரி. கேட்டைத் திறக்கச் சொல்லும் இடைக்கால மனு செவ்வாயன்று விசாரணைக்கு வந்தது.

“நீங்க கூட இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும் சார்” என்றார். போனேன்.

அவருடைய வக்கீல் தினகரன், இளைஞர். தேவகி பக்கத்தில் நிற்க, வராந்தாவிலேயே மனுவை நீட்டினார்.

“படிச்சுப் பாருங்க சார். ஃபுல்லா ஏ.ஐ.ல போட்டது. பத்தே நிமிஷம்!”

படித்தேன். நடை அருமை. நடுவில் ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அதிலும் சந்து, அதிலும் பூட்டிய கேட், அதிலும் தள்ளுவண்டி. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சட்டத்தில் இவ்வளவு அதிர்ஷ்டம் யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

தீர்ப்பு வெளிவந்ததாகப் போட்டிருந்த சட்ட இதழையும் வருடத்தையும் தொகுதி எண்ணையும் பார்த்தேன். நான்கு. அந்தச் சட்ட இதழ் அந்த வருடம் இரண்டு தொகுதிகளோடு நின்றுவிட்டது. ரெக்கார்டு ரூமில் தூசி தட்டி அடுக்கியவன் நான், தெரியாதா?

“தம்பி, இப்படி ஒரு தீர்ப்பே கிடையாது.”

“அதெப்படி சார்? எதிர்த்தரப்பே ஒத்துக்கிட்டாங்களே!”

அவர்கள் மனுவுக்குப் பதிலாகப் போட்ட எதிருரையைக் காட்டினார். ஒன்பதாம் பத்தி: ‘மனுதாரர் சுட்டியுள்ள தீர்ப்பு இவ்வழக்கின் சங்கதிகளுக்குப் பொருந்தாது.’

“இல்லாத தீர்ப்புன்னா, இல்லன்னுதானே சார் போட்டிருப்பாங்க?”

வெளியாட்களுக்காக ஒரு விளக்கம். எந்தத் தீர்ப்பைக் காட்டினாலும் எதிர்த்தரப்பு இந்த வரியை எழுதும். படித்துவிட்டு எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டு வாசலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு மாட்டுவது போலத்தான். நாய் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

“அந்தப் பத்தியை எடுத்துட்டு வாதம் பண்ணுங்க” என்றேன். அதற்குள் டவாலி வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்.

நீதிபதி இளம்பெண். மனுவைப் படித்தார். “தீர்ப்போட நகல் குடுங்க.”

தினகரன் ஃபைலைப் புரட்டினார். ஃபைலில் இல்லாததைப் புரட்டித் தேடுவது ஒரு தனிக் கலை.

நீதிபதி எதிர்ப்பக்கம் திரும்பினார். அங்கே இருந்தவர் சீனியர், நரைத்த தலை. “பொருந்தாதுன்னு எழுதியிருக்கீங்க. படிச்சீங்களா?”

“படிச்சுட்டுத்தான், யுவர் ஹானர்...”

“எங்க படிச்சீங்க?”

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டு பேரும் அடுத்த வாரம் எழுத்துல விளக்கம் குடுங்க” என்று சொல்லிவிட்டு நீதிபதி பேனாவை எடுத்தார். மனுவில் அந்தத் தீர்ப்பைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் பேசப்படவில்லை. ‘தள்ளுபடி’ என்ற வார்த்தைக்கு முன்னால் நீதிபதிகள் பேனா பிடிக்கும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து தேவகி எழுந்தார்.

“அம்மா, ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா? என் பத்திரத்துலயே எழுதியிருக்குதுங்க. மூணாம் பக்கம். வடக்கால பத்தடி பாதை, வண்டி வாகனம் போக வர.”

டவாலி “உஸ்” என்றார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு வழக்குக் கட்டைப் பிரித்தார். பத்திரம் முதல் ஆவணமாகவே தாக்கலாகியிருந்தது. மூன்றாம் பக்கம். பிறகு கெஸ்ட் ஹவுஸ்காரர் தாக்கல் செய்த பத்திரத்தையும் எடுத்தார்.

“சார், உங்க கட்சிக்காரர் பத்திரத்துலயும் அதே பாதை, அதே பத்தடி. இதுவாவது பொருந்துதா?”

சீனியர் தன் ஃபைலை மூடி வைத்தார். வழக்கு முடியும்வரை கேட்டைப் பூட்டக் கூடாது என்று உத்தரவாயிற்று.

வெளியே வந்ததும் தினகரன், “ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார்.

“சொன்னேனே சார்! மொத நாளே சொன்னேன். ‘அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ கையெழுத்து போடும்மா’ன்னீங்க.”

ஏ.ஐ. வந்து வக்கீல் தொழில் கெட்டுவிட்டது என்று இப்போது எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கட்சிக்காரர் கொண்டுவரும் காகிதத்தைப் படிக்காத பழக்கத்துக்கு எந்த மெஷினும் தேவைப்பட்டதில்லை. இது நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே நன்றாக நடந்துகொண்டிருந்தது.

வியாழன் சாயங்காலமே வண்டி கிரிவலப் பாதைக்கு வந்துவிட்டது. நல்ல கூட்டம். எனக்கு இலையில் நான்கு இட்லி வைத்துக்கொண்டே தேவகி கேட்டார்:

“வக்கீலு சின்ன வயசு, போகட்டும். நீங்க கோர்ட்லயே இருந்தவரு. ஊர்ல இல்லாத புஸ்தகத்துக்கெல்லாம் நம்பர் சொல்றீங்க. நீங்களாச்சும் எம்பத்திரத்தக் கேட்டு வாங்கிப் பாத்திருக்கலாம்ல சார்?”

சட்னி கொஞ்சம் ஜாஸ்தியாகப் போடச் சொன்னேன்.